சீரக வெள்ளம்

கைப்பட்டையில் காற்று ஏறத் தொடங்கியதும் லீலாபாய் கண்களை மூடிக்கொண்டாள். ஊசி போடும்போது சிலர் மூடுவார்களே, அதுபோல. ஜஸீனா ரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரத்தின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்கள் மளமளவென்று ஏறி, ஓரிடத்தில் நின்று, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கின. அந்த இறக்கம் ஜஸீனாவுக்கு ரொம்பப் பிடிக்கும். பயிற்சியில் அதை விளக்கிச் சொன்ன நாளிலிருந்தே பிடிக்கும். பட்டை முதலில் கையை இறுக்கி ரத்தம் ஓடுவதையே நிறுத்திவிடுகிறது. பிறகு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அடைத்து வைத்த மடையைத் துளி திறந்தால் தண்ணீர் பீறிடுவதுபோல, ரத்தம் திரும்ப நுழையும்போது குழாயின் சுவர் அதிர்கிறது. அந்த அதிர்வு பட்டைக்குள் இருக்கும் காற்றையும் ஆட்டுகிறது. இயந்திரம் கவனிப்பது அந்த ஆட்டத்தைத்தான். ஒரு மனுஷியின் உடம்புக்குள் நடப்பதை வெளியே இருக்கும் காற்று காட்டிக் கொடுக்கிறது என்பது அவளுக்கு இன்றும் ஓர் ஆச்சரியம்.

எண் நின்றது. நூற்று அறுபத்தெட்டு.

"கூடுதலா மக்கா?" என்றாள் லீலாபாய், கண்ணைத் திறக்காமலே.

"கொஞ்சம் கூடுதலுதான் லீலாக்கா."

"வெள்ளமெல்லாம் குடிச்சிட்டுத்தான வந்தேன்" என்று லீலாபாய் தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்த முந்திரி ஆலையை ஊரில் எல்லோரும் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஒரு பக்கக் கொட்டகையில் அண்டியை, ஓட்டோடு இருக்கும் முந்திரிக் கொட்டையை, ஆவியில் வேக வைப்பார்கள். அடுத்ததில் ஓட்டை உடைப்பார்கள். பருப்பு உலர்ந்த பிறகு தொலி உரிக்கிற ஹாலுக்கு வரும். அங்கே பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, சின்னக் கத்தியால் பருப்பின் சிவந்த மேல்தொலியைச் சுரண்டி எடுப்பார்கள். சாயங்காலம் எடை போடுவார்கள். எத்தனை கிலோ உரித்தாளோ அதற்குத்தான் கூலி. அதனால் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டாள்.

இந்தப் பெண்களில் யாரையும் ஆஸ்பத்திரியில் பார்க்க முடியாது என்பதுதான் இந்தப் பரிசோதனைத் திட்டத்தின் ஆரம்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை நடக்கும் நேரத்தில் இவர்கள் ஹாலில் இருப்பார்கள். இவர்கள் வெளியே வரும்போது அங்கே பூட்டியிருக்கும். வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்குத்தான் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சத்தமில்லாமல் வருகிறது, அவர்களுக்குத்தான் வர நேரமில்லை. ஆகவே அரசாங்கமே வேலை செய்கிற இடத்துக்குப் போகட்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையின் கடைசி நுனியில், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி, தோளில் ஒரு பையோடு ஜஸீனா வந்து நின்றாள். சுகாதாரத் தன்னார்வலர் என்று அட்டையில் போட்டிருந்தது. பெண்கள் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

ஆனால் இந்த ஆலையில் ஒரு சிக்கல் இருந்தது. ஜஸீனா முதல்முறை வந்துபோன பிறகு, ஆவிக் கொட்டகையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சோடா குடித்துவிட்டு எழுந்துவிட்டாள். ஆனால் கொல்லத்திலிருந்த முதலாளிக்குப் பயம் வந்துவிட்டது. பிரஷர் உள்ளவர்களை வேலைக்கு வைக்க வேண்டாம் என்று மேனேஜர் ஞானதாசனுக்குப் போனில் சொல்லிவிட்டார். இது பெண்களின் காதுக்கும் வந்துவிட்டது. இந்தமுறை ஜஸீனாவின் பையைப் பார்த்ததுமே ஹாலில் பேச்சு நின்றுவிட்டது.

லீலாபாய்க்கு அந்தப் பயம் மற்றவர்களைவிட அதிகம். அவள் கணவன் ரசலையன் ரப்பர் பால் வெட்டப் போனவர். முழங்கால் முட்டு தேய்ந்து சரிவில் ஏற முடியாமல் வீட்டில் இருக்கிறார். இந்த ஹால் இல்லையென்றால் அவளுக்கு வேறு இடம் இல்லை. ஐம்பது வயதில் புதிதாக யார் எடுப்பார்கள்?

ஜஸீனா அடுத்தவளை அழைத்தாள். பிரீனா. போன வருடம்தான் கல்யாணமானவள், இருபத்தாறு வயது. நூற்று நாற்பத்தாறு காட்டியது. அதற்கடுத்தவளுக்கும் கூடுதல். அதற்கடுத்தவளுக்கும். முதல்முறை வந்தபோது நாலைந்து பேருக்குத்தான் இப்படி இருந்தது. இந்தமுறை வரிசையில் பாதிக்கு மேல்.

ஜஸீனா உட்கார்ந்திருந்த மேசைக்குப் பின்னால்தான் மேனேஜரின் ஜன்னல். ஞானதாசன் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சிஸ்டரே, எல்லாவளுக்கும் பிரஷரா?"

"அவியவியகிட்டதான் சார் சொல்லணும். வெளிய சொல்லப்பிடாதுன்னு எங்களுக்கு உத்தரவு."

"நீங்க சொல்லண்டாம். எனக்கு கண்ணு நல்லாத்தான் தெரியும்" என்று திரையைக் காட்டினார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எல்லாவளையும் வீட்டுக்கு விட்டா நானும் நீங்களுமா இருந்து தொலி உரிக்கது? லோடு வந்து கெடக்கு."

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஜஸீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஊரிலோ தெருவிலோ இப்படிக் கூட்டமாக அழுத்தம் ஏறாது. இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்து தன் கையிலேயே கட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஜன்னல் வழியாக ஞானதாசனின் கையை வாங்கிக் கட்டினாள். அவருக்கும் சரியாகவே இருந்தது. அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

அப்போதுதான் அவள் பாட்டில்களைக் கவனித்தாள். ஒவ்வொருத்திக்குப் பக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே இளமஞ்சள் நிறத்தில் தண்ணீர்.

"இதென்ன?"

"சீரக வெள்ளம்" என்றாள் பிரீனா. சீரகம் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த குடிதண்ணீர். இந்தப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீர் எல்லாமே வெள்ளம்தான். "பிரஷரு எறங்கும்னு லீலாக்கா சொன்னாவ. நீங்க வாறியன்னு இன்னைக்கி காலத்தே இருந்து எல்லாரும் குடிக்கோம். மத்த நாளு இஞ்ச ஆரு சிஸ்டரே வெள்ளம் குடிக்கா?"

"அதென்ன மத்த நாளு குடிக்கமாட்டிய?"

பிரீனா கொட்டகையின் பின்பக்கத்தை முகத்தால் காட்டினாள். ஆவிக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டு கக்கூஸ். ஒன்றில் பழைய சாக்குகளை அடைத்துப் பூட்டு போட்டிருந்தது. மற்றதற்குப் போய், காத்து நின்று, திரும்பி வருவதற்குள் அடுத்தவள் ஒரு தட்டுப் பருப்பை முடித்துவிடுவாள். குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை. இது ஹாலுக்குள் வந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்ளும் பாடம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பிரீனாவின் முகம் மாறியது. "சிஸ்டரே, இனி பொறுக்க ஒக்காது" என்று எழுந்து ஓடினாள். பின்னால் ஒரு கூச்சலும் சிரிப்பும் போயிற்று. திரும்பி வந்தவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேணும்னா இன்னொருக்கா பாருங்க. இப்பம் நான் வேற ஆளு" என்று கையை நீட்டினாள். வேடிக்கைக்குத்தான் நீட்டினாள். ஜஸீனாவும் வேடிக்கைக்குத்தான் பட்டையைக் கட்டினாள்.

நூற்று இருபத்திரண்டு.

ஓடிவிட்டு வந்தவளுக்கு ஏற வேண்டுமே தவிர, எப்படி இறங்கும்? பஸ்ஸில் போகும்போது முழு வழியும் ஜஸீனா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சோதித்துப் பார்க்க அவள் கைக்கு எட்டுகிற ஆள் ஒருவர் இருந்தார். கணவன் அலி அக்பர் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து, கடற்கரைப் பாதையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சாயங்காலம் சாயா குடிக்க வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கையைக் கட்டிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு. பிறகு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடித்ததும் இன்னொரு செம்பு.

"எதுக்குடி இது?"

"குடிங்க மச்சான். சும்மா இருங்க."

அவர் குடித்தார். கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது செம்பையும் குடித்தார். பேச்சு மெல்லக் குறைந்தது. ஒரு காலை இன்னொரு காலின் மேல் போட்டார், எடுத்தார். எழுந்தபோது ஜஸீனா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இப்பம் போகப்பிடாது."

"ஏட்டி, மகரிபுக்கு பாங்கு சொல்லப் போறான். மூத்திரத்த அடக்கி வச்சிக்கிட்டு தொழப்பிடாது, தெரியுமில்லியா?"

"அது ஏன்னு இப்பம் பாப்போம். கைய நீட்டுங்க."

நூற்று முப்பத்தாறு. "போங்க" என்றாள் ஜஸீனா. அவர் வாயில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தவரைக் கொஞ்ச நேரம் ஆற விட்டுப் பார்த்தாள். பழையபடி நூற்றுப் பதினெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

சுகாதார நிலையத்து டாக்டர் அஞ்சலியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னபோது, அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சிரித்தார்.

"ஜஸீனா, இது பயிற்சியிலேயே சொன்னதுதானே. பிரஷர் பாக்குறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போயிட்டு வரச் சொல்லணும்னு. மூத்திரப் பை நிறைஞ்சு இழுபடும்போது நரம்பு உடம்புக்கு அவசரம்னு செய்தி அனுப்பும். உடனே ரத்தக்குழாய் எல்லாம் இறுகும். குழாய் இறுகினா அழுத்தம் ஏறத்தானே செய்யும்? சிலபேருக்கு நல்லாவே ஏறும்."

சொல்லியிருந்தார்கள். ஜஸீனாவுக்கு ஞாபகம் வந்தது. அசையாமல் உட்காரச் சொல்லுவது, காலை மடக்கக் கூடாது என்பது, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லாவற்றையும் அவள் செய்தாள். இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. ஜன்னலில் மேனேஜர் உட்கார்ந்திருக்கும்போது, எடை பார்க்கிற ஆண்கள் குறுக்கும் நெடுக்கும் நடக்கும்போது, ஒண்ணுக்குப் போனீங்களா என்று ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டாள். பிரஷரைக் குறைக்கிறதென்று நினைத்து அந்தப் பெண்கள் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். குடித்ததை அடக்கி வைத்துக்கொண்டு வந்து கையை நீட்டியிருக்கிறார்கள். கூடுதல் என்றதும் அடுத்தமுறைக்கு இன்னும் பெரிய பாட்டில் வாங்கியிருப்பார்கள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அதைவிட, ஒரு முடிச்சு எப்படி விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது.

மறுவாரம் அனுமதி வாங்கிக்கொண்டு மறுபடி போனாள். முதலில் ஞானதாசனிடம் போய் நின்றாள்.

"சார், அந்தப் பூட்டின கக்கூஸ தொறக்கணும்."

"அதுக்கும் பிரஷருக்கும் என்ன?"

அவள் விளக்கினாள். மேசையிலிருந்த அவருடைய தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, பை எப்படி நிறையும், நரம்பு எப்படிச் சொல்லும், குழாய் எப்படி இறுகும் என்று கையால் காட்டினாள். அவர் முதலில் கூச்சத்தோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், பிறகு கேட்க ஆரம்பித்தார், கடைசியில் சாவிக் கொத்தை எடுத்தார். சாக்குகளைப் பெண்களே இழுத்து வெளியே போட்டார்கள். ஒரு எலிக் குடும்பம் ஓடியது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பிறகு இரண்டு வரிசையாக நின்று போய்விட்டு வந்து, கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஹாலில் கைகள் சும்மா இருப்பதை ஜஸீனா அன்றுதான் பார்த்தாள்.

எண்கள் இறங்கின. பிரீனாவுக்கு, அவளுக்கு அடுத்தவளுக்கு, அதற்கடுத்தவளுக்கு. ஒவ்வொன்றும் இறங்க இறங்க வரிசையில் கலகலப்பு ஏறியது.

"பாத்தியாட்டி, பிரஷரெல்லாம் அந்த சாக்குக்கு உள்ளதான் இருந்திருக்கு."

"எலியும் கொண்டு போச்சு."

"மேனேஜர் சாருக்கு ஒரு கும்பிடு போடுங்க பிள்ளியளே. கக்கூஸ் தொறந்த புண்ணியவான்."

ஜன்னலுக்குப் பின்னால் ஞானதாசனும் சிரித்தார். ஒவ்வொருத்தி எழும்போதும் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக லீலாபாய் வந்து உட்கார்ந்தாள். இந்தமுறை கண்ணை மூடவில்லை. சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். எண்கள் ஏறி, நின்று, இறங்கின.

நூற்று அறுபத்தொன்று.

ஜஸீனா மறு கையில் கட்டினாள். மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது. அவள் எழுந்து ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவே நின்றாள். நின்ற பிறகுதான், தான் எதை மறைக்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. போன வாரம் மறைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லோருக்கும் கூடுதல் என்றபோது யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. அவள்தான் வந்து ஒவ்வொருத்தியாகக் கழுவித் துடைத்து, மிச்சம் இருக்கும் ஒருத்தியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

லீலாபாயைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, உங்களுக்கு நெசமாவே இருக்கு. தலவலி உண்டா?"

"தலவலி இல்லாம ஆரு இருக்கா மக்கா."

"மாத்திரை தாறேன். தெனமும் முடங்காம போடணும். சும்மா விட்டா ஒரு நாள் கை காலு இழுத்துரும். போட்டியன்னா கொஞ்ச வாரத்துல கீழ வந்துரும். இது மூடி வைக்கிற சொகக்கேடு இல்ல."

லீலாபாய் குழாயைத் திறந்தாள். முந்திரி எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்த விரல்களை ரொம்ப நேரம் கழுவினாள். முன்பு ஓடு உடைக்கும் பகுதியில் இருந்தவள். அந்தக் கறை இனி போகாது.

"மாத்திரை திங்கேன்" என்றாள். "கொஞ்ச வாரம்னு சொன்னிய இல்லியா. அந்தக் கொஞ்ச வாரம் நான் எங்க இருக்கது?"

எந்தக் குழாய் எப்படி இறுகும் என்று மட்டும்தான் ஜஸீனாவுக்குத் தெரியும்.

ஹாலுக்குத் திரும்பியபோது ஞானதாசன் வெளியே வந்து நின்றிருந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"கடசியா பாத்தது லீலாபாய்க்கில்லியா? நீங்க மறச்சிக்கிட்டிய."

"சார், அது அவிய காரியம். மாத்திரை போட்டுக்கிட்டு தாராளமா வேல செய்யலாம். வேலைய விட்டு அனுப்பதுக்காகவா அரசாங்கம் எங்கள அனுப்புது? வேலையில இருக்கணும்னுதான அனுப்புது."

"எனக்கு தெரியாதா? நாளைக்கி அவ விழுந்தா மொதலாளி எனக்க சீட்டத்தான் கிழிப்பாரு. எனக்கும் ரெண்டு பெண்பிள்ளிய உண்டு சிஸ்டரே." கொஞ்சம் யோசித்தார். "மத்தியானம் ஒருக்கா கூடி எல்லாருக்கும் பாருங்க. நான் பக்கத்துலயே நிக்கேன். ஒருத்திக்கு மட்டும்தான் கூடுதல்னா பிறகு நான் என்ன செய்ய."

இதைச் சொன்னபோது தாழ்ந்த குரலாகத்தான் இருந்தது. ஆனால் கத்திகள் பருப்பில் சுரண்டும் சத்தம் அந்த நேரத்தில் நின்றிருந்தது என்பதை ஜஸீனா பிற்பாடுதான் உணர்ந்தாள்.

மத்தியானம் சோறு தின்ற பிறகும் பெண்கள் பேசிச் சிரிக்கவில்லை. ஜஸீனா தன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தபோது, பிரீனா மடியில் தட்டை வைத்து உரித்துக்கொண்டே ஒரு கையால் பாட்டிலை எடுத்தாள். அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். அவளுக்கு அடுத்தவளும் எடுத்தாள். அதற்கு அடுத்தவளும். காலையில் குடிக்காமல் வைத்திருந்த சீரக வெள்ளம் எல்லாம் ஒவ்வொரு தொண்டையாக இறங்கியது. தீர்ந்தவள் குழாயடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். பிறகு எல்லோரும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். வெகு நேரம் பார்த்தார்கள். ஞானதாசன் மத்தியானத் தூக்கம் கலைந்து வெளியே வருவதற்குள் இரண்டு மூட்டைப் பருப்பு உரித்தாகியிருந்தது. பின்பக்கம், புதிதாகக் கழுவிய கதவு காற்றில் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரும் எழுந்து போகவில்லை.

"தொடங்கலாமா?" என்று கேட்டபடி ஞானதாசன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் பிரீனா வந்து உட்கார்ந்தாள். முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். ஜஸீனா அவள் கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்தாள். பட்டையைச் சுற்றினாள். ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. இனி அதைக் கேட்காமல் யாருக்கும் பார்ப்பதில்லை என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாச்சா பிரீனா?"

"போயாச்சு சிஸ்டரே" என்றாள் பிரீனா, அவள் கண்ணை நேராகப் பார்த்து.

வரிசையின் கடைசியில் லீலாபாய் ஒரு பருப்பைக் கையில் வைத்தபடி நிமிர்ந்திருந்தாள். ஜஸீனா பொத்தானை அழுத்தினாள். பட்டைக்குள் காற்று ஏற ஆரம்பித்தது. மேசைக்குக் கீழே, சிமெண்ட் தரையில், பிரீனாவின் கால்விரல்கள் பத்தும் மடங்கித் தரையை இறுகப் பற்றியிருந்தன.